ஒன்றுக்கு இரண்டு

எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். என் ஆயாவுக்கு ஐந்து வயதோ ஆறு வயதோ இருக்கும்போது கண்ணில் புண் வந்து இமை ஒட்டிக்கொண்டதாம். அவளுடைய அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்திருக்கிறாள். வாரத்துக்கு ஒரு நாள் வேலூரிலிருந்து அந்த வழியாக ‘ஐடாம்மா மோட்டார்’ வரும். மரத்தடியில் வண்டி நிற்கும். வரிசையில் நின்றவர்களுக்குப் புண்ணைக் கழுவி மருந்து போடுவார்கள், சீசாவில் மருந்து ஊற்றித் தருவார்கள். ஆயா சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்போது தவறாமல் ஒரு வரி வரும்: “யாரு ஊட்டுப் பணமோ, எங்கண்ணு பொழைச்சுது.”

நன்றி சொல்கிறாளா, சந்தேகப்படுகிறாளா என்று எனக்கு அப்போது புரிந்ததில்லை. தமிழ் படித்து, ஆய்வு செய்து, ஒரு கல்லூரியில் பாடம் நடத்த வந்த பிறகுதான் அந்த ‘யாரு ஊட்டுப் பணமோ’ என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு ஒரு விழாவும் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த கல்லூரியில் ஒரு அறக்கட்டளை பத்து மாணவிகளுக்கு உதவித்தொகை கொடுத்தது. ஆள் உயரத்துக்கு அட்டையில் காசோலை செய்து கொண்டுவந்திருந்தார்கள். பத்துப் பேரும் மேடையில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். யாருக்கு அப்பா இல்லை, யார் வீட்டில் என்ன வேலை செய்கிறார்கள் என்பதெல்லாம் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். நானும்தான் கைதட்டினேன் என்பதை எழுதிவைக்க வேண்டும். விழா முடிந்ததும் அந்த மாணவிகள் நன்றிக் கடிதம் எழுதித்தர வேண்டும் என்றார்கள். எங்கள் துறை மாணவி ஒருத்தி வெள்ளைத்தாளோடு என்னிடம் வந்து, “மேம், என்ன எழுதறது?” என்று கேட்டாள். அவளிடம் பிறகு வருகிறேன்.

கொடுப்பதற்குத் தமிழில் சொல் பஞ்சம் இல்லை. ஈகை, கொடை, தானம், தருமம், கட்டளை, நல்கை. வாங்குவதற்குத்தான் நல்ல சொல் கிடையாது. ‘ஏற்பது’ என்றாலே இகழ்ச்சி வந்து ஒட்டிக்கொள்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகள் விடுவார்கள். அவற்றுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு சாகும், மூப்படையும். ஆனால் கணக்கில் சாகாது. குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டு, சூரிய சந்திரர் உள்ளவரை நெய் அளக்க வேண்டும். முதலைத் தொடாமல் வட்டியில் அறம் செய்யும் இன்றைய அறக்கட்டளை முறைக்கு இதைவிடத் தெளிவான பெயரை நான் பார்த்ததில்லை. கொடுத்தவர் பெயர் கல்லில் நிற்கும். அரசியர், தேவரடியார், வணிகர் மனைவியர் எனப் பெண்களின் பெயர்களும் நிறைய நிற்கின்றன. அந்த ஆடுகளை அன்றாடம் மேய்த்த குடும்பத்துப் பெண்ணின் பெயரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் தேடிப் போன சாவா மூவாப் பேராடு அமெரிக்காவில் இருந்தது. அதன் பெயர் லாரா ஸ்பெல்மன் ராக்ஃபெல்லர் நினைவு நிதி.

பெயரிலிருந்தே தொடங்கலாம். லாரா ஸ்பெல்மன் 1839இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அடிமை முறையை எதிர்த்தவர்கள். தெற்கிலிருந்து தப்பி வடக்கே ஓடும் கறுப்பின மக்களை ஒளித்து அனுப்பிய வீடுகளில் அவர்கள் வீடும் ஒன்று. உயர்நிலைப் பள்ளி முடித்தபோது லாரா ஆற்றிய உரையின் தலைப்பு, தன் ஓடத்துக்குத் தானே துடுப்புப் போட முடியும் என்பது. பெண்கள் உயர்கல்வி பெறுவதற்காக வூஸ்டர் நகரில் தொடங்கப்பட்டிருந்த ஓரியட் என்ற கல்லூரிக்குத் தன் அக்காவோடு போய்ப் படித்தார். திரும்பி வந்து கிளீவ்லாந்தில் ஆசிரியையாக வேலை பார்த்தார். 1864இல் ஜான் டி. ராக்ஃபெல்லரைத் திருமணம் செய்துகொண்டார். வேலை அத்தோடு முடிந்தது. பிறகு வீடு, பிள்ளைகள், திருச்சபை, நோய். ஓடம் எங்கே போனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

1881இல் சோஃபியா பேக்கார்ட், ஹாரியட் கைல்ஸ் என்ற இரண்டு வெள்ளை ஆசிரியைகள் அட்லாண்டாவுக்கு வந்தார்கள். முன்பு லாரா படித்த அதே ஓரியட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள். கறுப்பின மக்களின் திருச்சபை ஒன்றின் நிலவறையில் 11 மாணவிகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். கையில் இருந்தது ஒரு சிறிய ஊர்ச் சபை கொடுத்த 100 டாலர். வந்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்து விடுபட்ட பெண்கள், வயதானவர்களும் உண்டு. வேதப்புத்தகத்தைத் தாங்களே வாசிக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அடிமை முறை இருந்த காலத்தில் தெற்கு மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பதைச் சட்டம் தடுத்திருந்தது. எழுத்து மறுக்கப்பட்ட வரலாறு நம் பக்கமும் உண்டு. அதனால் அந்த நிலவறையை என்னால் எளிதாகக் கண்முன் கொண்டுவர முடிகிறது.

அடுத்த ஆண்டு கிளீவ்லாந்தில் ஒரு சபையில் இந்த இருவரும் பேசியபோது கேட்டுக்கொண்டிருந்த ராக்ஃபெல்லர் 250 டாலர் தருவதாகச் சொன்னார். நீங்கள் இதில் நிலைத்து நிற்பீர்களா என்று கேட்டுக்கொண்டுதான் கொடுத்தார். 1884இல் குடும்பத்தோடு பள்ளியைப் பார்க்க வந்தார், கடன் தீர்ந்தது. பள்ளிக்கு லாராவின் பெற்றோர் நினைவாக ஸ்பெல்மன் என்று பெயர் வந்தது. 1886இல் அங்கே செவிலியர் பயிற்சியும் தொடங்கிவிட்டது. கல்வி, மருத்துவம், சமயம் என்ற மூன்றும் அங்கே ஒரே கூரையின் கீழ் வந்தன. பிற்காலத்தில் அந்தக் குடும்பம் உலகமெங்கும் செய்த கொடைக்கெல்லாம் முன்மாதிரி இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பணம் எங்கிருந்து வந்தது? மண்ணெண்ணெய். எங்கள் ஊரில் அதைக் ‘கிருஷ்ணாயில்’ என்போம். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் அமெரிக்காவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் பெரும்பகுதியைக் கைக்குள் வைத்திருந்த நிறுவனம். ரயில் கம்பெனிகளோடு ரகசியப் பேரம் பேசித் தனக்கு மட்டும் சரக்குக் கட்டணத்தில் தள்ளுபடி வாங்கும். போட்டியாளர்களை நசுக்கும், அல்லது விலைக்கு வாங்கும். இதை எழுதி அம்பலப்படுத்தியவர் ஒரு பெண். ஐடா டார்பெல் பென்சில்வேனியாவின் எண்ணெய்ப் பகுதியில் வளர்ந்தவர். அந்தப் பேரத்தில் அடிபட்ட சிறு உற்பத்தியாளர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். 1902 முதல் ஒரு மாத இதழில் தொடராக எழுதி 1904இல் நூலாக்கினார். நீதிமன்றம் அந்த நிறுவனத்தை 1911இல் உடைத்தது. உடைந்த துண்டுகளின் பங்கு விலை ஏறி ராக்ஃபெல்லர் முன்னைவிடப் பெரிய செல்வர் ஆனார் என்பது வேறு கதை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க மண்ணெண்ணெய் கப்பலில் இந்தியாவுக்கும் நிறைய வந்தது. ஆகவே எங்கள் பக்கத்துக் குடிசைகளில் எரிந்த சிம்னி விளக்கிலிருந்தும் ஒரு துளி அந்தக் கஜானாவுக்குப் போயிருக்கலாம். ஆயாவின் கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

1905இல் ராக்ஃபெல்லர் ஒரு லட்சம் டாலரை அமெரிக்க மிஷன் சங்கம் ஒன்றுக்குக் கொடுத்தார். நம் மதுரையில் அமெரிக்கன் மிஷனை நடத்திவந்த சங்கம் அது. வாஷிங்டன் கிளாடன் என்ற போதகர் கொதித்தெழுந்தார்: இது கறை படிந்த பணம், திருப்பிக் கொடுங்கள். நாடே பேசியது. பிறகுதான் தெரிந்தது, கொடையைத் தேடிப் போய்க் கேட்டதே அந்தச் சங்கம்தான் என்று. கறை பற்றிய வாதத்தில் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள்: போதகர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், அறங்காவலர்கள். வாங்க வேண்டிய இடத்தில் இருந்த பெண்கள், திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடவும் மருந்து வாங்கவும் காசு இல்லாதவர்கள், என்ன நினைத்தார்கள் என்று ஒரு வரிகூட அந்தச் சர்ச்சையில் எனக்குக் கிடைக்கவில்லை. பணத்தின் தூய்மையைப் பற்றிப் பேசுவதற்கும் கொஞ்சம் பணம் தேவைப்படுகிறது.

ஆனால் கறை என்ற சொல்லை உருவகமாக மட்டும் வைத்துக்கொள்ள முடியாத ஒரு நாளும் வந்தது. 1914 ஏப்ரல் 20. கொலராடோவில் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்த நிலக்கரி நிறுவனத்தில் வேலைநிறுத்தம். கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் லட்லோ என்ற இடத்தில் கூடாரம் போட்டு ஒரு குளிர்காலம் முழுவதையும் கழித்திருந்தன. அன்று தேசியக் காவல் படையினர் சுட்டார்கள். கூடாரங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. குண்டுக்குப் பயந்து ஒரு கூடாரத்தின் கீழே தோண்டிய குழிக்குள் பதுங்கியிருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுமுட்டி இறந்துபோனார்கள். அந்தக் குழியிலிருந்து உயிரோடு வந்த மேரி பெட்ரூச்சி அங்கே தன் மூன்று குழந்தைகளையும் இழந்தார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

லாரா அப்போது நெடுநாள் நோயாளி. 1915 மார்ச் 12இல் இறந்தார். அவருடைய உடல் சுமார் நான்கரை மாதம் அடக்கம் செய்யப்படாமல், குடும்ப நண்பர் ஒருவரின் கல்லறை மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்தது. காரணம் வரி. கிளீவ்லாந்து அதிகாரிகள் ராக்ஃபெல்லரிடம் பெரும் வரித் தொகை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஊருக்குள் கால் வைத்தால் சம்மன் கையில் கொடுப்பார்கள். குடும்பக் கல்லறை இருந்ததோ கிளீவ்லாந்தில். அரசுக்குக் கொடுக்க வேண்டியதைப் பற்றிய வழக்கு ஓடும்வரை மனைவியின் பிணம் காத்திருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1918இல், அதே மனைவியின் பெயரில் சுமார் 7 கோடியே 40 லட்சம் டாலரில் நினைவு நிதி ஒன்று பிறந்தது. வரிக்கும் கொடைக்கும் உள்ள வேறுபாட்டை என் மாணவிகளுக்கு விளக்க இதைத்தான் சொல்வேன். வரி கொடுத்தால் அதை எங்கே செலவழிப்பது என்று ஊர் தீர்மானிக்கும். கொடையில் அந்தத் தீர்மானம் கொடுப்பவருடையது.

நினைவு நிதி முதலில் லாரா உயிரோடு இருந்தபோது அக்கறை காட்டிய இடங்களுக்கே கொடுத்தது: பாப்டிஸ்ட் சபை அமைப்புகள், இளம்பெண்கள் கிறிஸ்தவச் சங்கம், இரட்சணிய சேனை போன்றவை. அந்தக் காலத்தில்தான் லூசி பீபாடி அதன் கதவைத் தட்டினார். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர் நம் ஊரில் இருந்தவர்.

லூசி மெக்கில் 20 வயதில் நார்மன் வாட்டர்பரி என்ற பாப்டிஸ்ட் மிஷனரியை மணந்து 1881இல் மதராசுக்கு வந்தார். தெலுங்கு பேசும் மக்களிடையே வேலை. 1886இல் கணவர் இங்கேயே இறந்துபோக, 25 வயதில் கைம்பெண்ணாகப் பிள்ளைகளோடு கப்பலேறினார். அமெரிக்காவில் பெண்கள் மிஷன் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1906இல் ஹென்றி பீபாடி என்ற வணிகரை மணந்தார். இரண்டே ஆண்டில் அவரும் இறந்தார். நம் ஊராக இருந்தால் இரண்டு முறை தாலி இழந்தவள் என்று மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். பீபாடியிடம் பணமும் இருந்தது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத நிலையும் இருந்தது.

அமெரிக்கச் சபைப் பெண்கள் 1860களிலிருந்தே தங்களுக்கெனத் தனி மிஷன் சங்கங்கள் நடத்திவந்தார்கள். ஆண்கள் கையிலிருந்த பொதுச் சங்கங்கள் திருமணமாகாத பெண்களை அனுப்பத் தயங்கியதும், பெண் கல்விக்கு மிஞ்சியதைப் போட்டதும் காரணம். இந்தச் சங்கங்களின் நிதி சில்லறைக் காசு. வாரம் இத்தனை சென்ட் என்று பெட்டியில் போடுவார்கள். நம் வீடுகளில் அடுப்பில் வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

பீபாடியும் அவருடைய தோழி ஹெலன் பேரட் மாண்ட்கோமரியும் 1913இல் ஆசிய நாடுகளைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார்கள். பார்த்ததில் அவர்களுக்குத் தெளிவானது: தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன, பெண்களுக்கான கல்லூரிகள் இல்லை, இருப்பவையும் கடனில் தள்ளாடுகின்றன. 1915இல் சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி எலினர் மெக்டூகலை முதல்வராகக் கொண்டு தொடங்கியது. இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா நாடுகளின் 12 மிஷன் சங்கங்கள் சேர்ந்து நடத்தியது அது. 1918இல் வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

ஐடா ஸ்கடரின் கதை தமிழ்ப் பாடப் புத்தகம் வரை வந்திருக்கிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆண்கள் வந்து பிரசவத்துக்கு அழைத்தார்கள். அவரோ மருத்துவர் அல்ல. மருத்துவரான அப்பாவை அனுப்புகிறேன் என்றதற்கு ஆண் தொடக்கூடாது என்று திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அதில் அசைந்துபோய் அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். கதையைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் நான் ஒன்றைத்தான் தேடுகிறேன். மூன்று கணவர்களின் சமூகம் சொல்லப்படுகிறது. ஐடாவின் கண்ணீர் சொல்லப்படுகிறது. இறந்த பெண்களுக்குப் பெயர் இல்லை. கொடை கேட்கும் மேடைகளில் இந்தக் கதை எத்தனையோ முறை சொல்லப்பட்டிருக்கிறது. கீழைநாட்டுப் பெண் அந்த மேடைகளில் பிணமாகவோ நோயாளியாகவோதான் தோன்ற வேண்டியிருந்தது. நலமாக, கோபமாக, கேள்வி கேட்பவளாகத் தோன்றினால் பெட்டியில் காசு விழாது.

ஆனால் ஐடா உருவாக்கியது வேறு வகைப் பெண்களை. 1922இல் 14 பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். அவர்கள் பெற்றது எல்.எம்.பி. என்ற உரிமப் படிப்பு. முழுப் பட்டம் இல்லை. பெரும்பாலோர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள். என் ஆயாவின் கண்ணைக் கழுவிய கை ஐடாவுடையதா, இப்படிப் படித்து வந்த ஒருத்தியுடையதா என்று ஆயாவுக்கே தெரியாது. “ஒரு டாக்டரம்மா, நம்ம நெறம்தான்” என்று ஒருமுறை சொன்னாள்.

இனி கணக்குக்கு வருகிறேன். ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்குக் கட்டடம் வேண்டும். சென்னை, வேலூர், லக்னோ, டோக்கியோ, நான்கிங், பீகிங்கில் இரண்டு. மொத்தம் 30 லட்சம் டாலர் தேவை. லாரா நினைவு நிதி 10 லட்சம் தர ஒப்புக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு: பெண்கள் 20 லட்சம் திரட்ட வேண்டும். அவர்கள் இரண்டு டாலர் காட்டினால் நிதி ஒரு டாலர் போடும். கெடு 1923 ஜனவரி 1.

இன்றைக்கும் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதியவர்களுக்கு இந்த முறை தெரியும். ‘நிறுவனத்தின் சொந்தப் பங்கு எவ்வளவு’ என்று ஒரு கட்டம் இருக்கும். பெரிய கொடையாளருக்கு இதில் இரட்டை லாபம். ஒரு பங்கு போட்டு மூன்று பங்கு வேலைக்குப் பெயர் வாங்கலாம். மக்கள் ஆதரவு இருக்கிறதா என்பதையும் அவர்கள் செலவிலேயே சோதித்துக்கொள்ளலாம். பெறும் பக்கத்திலும் இதற்கு நியாயம் சொல்வார்கள்: இரண்டு பங்கு நம்முடையது என்றால் நாம் பிச்சைக்காரர் இல்லை. பீபாடி அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது. சபைகளிலும் கல்லூரிகளிலும் கூட்டம் போட்டார்கள். சிறு தொகைகளாகச் சேர்த்தார்கள். இந்தியப் பெண்கள் கல்லூரிகளைப் பற்றி ஆலிஸ் வான் டோரன் எழுதிய ஒரு நூல் 1922இல் சபைப் பெண்களின் வாசிப்புக்கென்றே அச்சானது. கெடுவுக்குள் 20 லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது.

அமெரிக்கப் பெண்கள் ஓட்டுரிமை பெற்று மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. சொந்தச் சம்பாத்தியம் இல்லாத மனைவிகள் நிறையப் பேர். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்ததுதான் அவர்கள் கொடுத்த காசு. ராக்ஃபெல்லரின் பத்து லட்சம் யாருடைய பெயரில் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இருபது லட்சம் யார் யார் கொடுத்தது என்று சொல்ல எந்தக் கட்டடத்திலும் கல் இல்லை. நுங்கம்பாக்கம் கல்லூரிக்கும் வேலூருக்கும் கட்டடம் எழுந்தது அந்த மூன்று பங்குப் பணத்தில்தான்.

ஒரு விசித்திரம். வெற்றி வந்த அதே ஆண்டுகளில் அந்தப் பெண்களின் கையிலிருந்து சங்கங்கள் நழுவின. 1923இல் பிரெஸ்பிடேரியன் பெண்கள் சங்கம் பொதுச் சங்கத்தோடு இணைக்கப்பட்டது. மதுரையில் பெண்கள் பள்ளிகளை ஆதரித்த பாஸ்டன் பெண்கள் சங்கம் 1927இல் இணைந்தது. சிக்கனம், திறமை, ஒற்றுமை என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். முப்பது லட்சம் திரட்டத் தெரிந்தவர்கள் என்று காட்டிய பிறகு, அந்த வருமானத்தின் மேல் எல்லோருக்கும் கண் விழுந்தது என்று நான் வாசிக்கிறேன். நினைவு நிதியும் திசை மாறியது. 1922இல் அதன் இயக்குநராக வந்த பேர்ட்ஸ்லி ரமல் என்ற இளைஞருக்குச் சமூக அறிவியல் ஆய்வில்தான் ஆர்வம். பல்கலைக்கழகங்களுக்கும் குழந்தை வளர்ப்பு ஆய்வுக்கும் பணம் போனது. சமயக் கொடைகள் உதிர்ந்தன. 1929இல் நினைவு நிதி ராக்ஃபெல்லர் அறக்கட்டளையோடு கரைந்தது. லாராவின் பெயர் அத்தோடு பலகையிலிருந்து இறங்கியது. ஸ்பெல்மன் என்ற பெயர் அட்லாண்டாவில் இன்றும் இருக்கிறது, கறுப்பினப் பெண்களின் கல்லூரியாக.

அட்லாண்டாவைச் சொல்லும்போது இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. ராக்ஃபெல்லர் 1902இல் தொடங்கிய பொதுக் கல்வி வாரியத்தின் சாசனம், இன, பால், சமய வேறுபாடின்றிக் கல்வியை வளர்ப்பது என்று சொன்னது. நடைமுறையில் தெற்கு வெள்ளையரின் கோபத்துக்கு அஞ்சி, வெள்ளையர் பள்ளிகளுக்கே பெரும்பகுதியைக் கொடுத்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் போதும் என்ற கருத்தோடு ஒத்துப்போனார்கள். சாசனத்தில் உள்ள சமத்துவத்துக்கும் காசோலையில் உள்ள சமத்துவத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை நம் கல்வி நிலையங்களின் வாசலில் நின்றவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலூர்க் கதை 1937க்குப் பிறகு இன்னொரு முறை முறுக்கிக்கொண்டது. மருத்துவருக்கு இனி எல்.எம்.பி. போதாது, பட்டப் படிப்பே வேண்டும் என்று மதராஸ் அரசு முடிவெடுத்தது. பட்டக் கல்லூரியாக உயர்த்தப் பெரும்பணம் வேண்டும். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் மற்ற மிஷன் சங்கங்களும் கைகொடுக்கும் என்ற யோசனை வந்தது. ஐடா ஸ்கடர் கடைசியில் இசைந்தார். லூசி பீபாடி எதிர்த்தார். பெண்களுக்கென்று சொல்லிப் பெண்களிடம் வாங்கிய பணம் அது என்பது அவர் வாதம். முப்பது ஆண்டு நட்பு அதில் முறிந்தது. 1942இல் மதராஸ் பல்கலைக்கழகத்தின் பட்டப் படிப்பு தொடங்கியது. 1947இல் ஆண்கள் சேர்ந்தார்கள். பீபாடி 1949இல் இறந்தார்.

இதில் யார் பக்கம் நிற்பது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். என் படிப்பு பீபாடி பக்கம் இழுக்கிறது: கொடுத்தவள் விருப்பத்தைக் கல்லில் வெட்டிய எழுத்துபோல் மதிக்க வேண்டும், அதிலும் சில்லறையாகக் கொடுத்தவள் விருப்பத்தை. பத்து லட்சம் கொடுத்தவர் நிபந்தனை போட்டால் அது ஒப்பந்தம்; இருபது லட்சம் கொடுத்த பெண்கள் நிபந்தனையை நினைவூட்டினால் அது பிடிவாதமா? ஆனால் பள்ளியை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் ஐடா பக்கம் சாய்கிறேன். நான் அந்த ஆஸ்பத்திரியில்தான் பிறந்தேன். என் அம்மாவுக்கு அன்று இரவு சிக்கலாகி அறுவை செய்தவர் ஓர் ஆண் மருத்துவர். அப்பா மறுக்கவில்லை. ஆயாதான் வராண்டாவில் உட்கார்ந்து, “எந்தக் கையானா என்னா, வெளிய எடுக்கச் சொல்லு” என்றாளாம்.

அந்த மாணவியிடம் வருகிறேன் என்றேன். நன்றிக் கடிதத்துக்கு நான் இரண்டு மூன்று வாக்கியங்கள் சொல்லிக்கொடுத்தேன். ‘தங்கள் கருணையால்’ என்று தொடங்கும் வழக்கமான வாக்கியங்கள். அவள் எழுதிக்கொண்டே வந்து ‘கருணை’யில் நிறுத்தினாள். “மேம், எங்கம்மாவும் தறிக்குப் போய்ப் பாதி ஃபீஸ் கட்டியிருக்காங்க. அதையும் எழுதலாமா?” என்றாள். விண்ணப்பப் படிவத்தில் அந்தப் பாதிக்குக் கட்டம் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. எழுது என்றேன். தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, அம்மா பெயரை முதலில் எழுதினாள், கட்டிய தொகையை ரூபாயில் எழுதினாள், அதற்குக் கீழே அறக்கட்டளை கொடுத்த தொகையை எழுதினாள். இரண்டையும் கூட்டிக் கோடு போட்டாள். பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.